ஊர்தியும் ஓர் உயிரே

தன் பிழைப்பின்பொருட்டு ஒரு விலங்கினை ஏவுவோனுக்கும், தன் களிப்பின்பொருட்டு அதனை ஏவுவோனுக்கும் இடையே அறநெறியாற் காணத்தக்க வேறுபாடு யாதேனும் உண்டோ என்பது ஈண்டு ஆராயப்படும் பொருளாம். உழவன் எருதினைப் பூட்டுகின்றான்; அவனுக்கு அஃது இன்றியமையாதது. விடுமுறை கொண்ட ஒருவன் குதிரைமீதேறி ஒருநாள் முழுதும் மந்தைகளைச் செலுத்தித் திரிந்து மாலையில் மகிழ்வோடு இறங்குகின்றான். அவனுக்கு அஃது இன்றியும் அமையும். முன்னது பொறுக்கத்தக்கது, பின்னது விலக்கத்தக்கது என்பார் ஒரு சாரார். ஏவுதல் இரண்டிடத்தும் ஒன்றேயாகலின் இரண்டும் ஒன்றே என்பார் மற்றொரு சாரார். விலங்குகள் மக்களுக்காகவே படைக்கப்பட்டன, ஆகலின் இவ்வாராய்ச்சியே மிகை என்பாரும் உளர். இம்மூன்றாமவர் கொள்கை சித்தாந்த சைவத்துக்கு முற்றும் புறம்பானது. என்னை? இறைவன் உலகினைத் தோற்றுவித்தது உயிர்கள் அனைத்தின் மலப்பிணியும் நீங்குதற்பொருட்டேயன்றி, அவற்றுள் ஒருவகை மற்றொருவகையைத் துய்த்தற்பொருட்டன்று. தனு கரண புவன போகங்கள் எறும்புக்கும் அவனால் அளிக்கப்பட்டனவே. எனவே அக்கொள்கையை விடுத்து, ஏனை இரண்டனையும் நோக்குதும்.

இவ்வினா ஏட்டளவில் நிற்பதொன்றன்று. திருப்பூரைச் சூழ்ந்த கொங்குநாட்டுப் பகுதியில் இஃது ஆண்டுதோறும் கண்ணெதிரே நிகழ்வது. 1920களிற் சில பின்னற் பொறிகளோடு தொடங்கிய அவ்வூர்ப் பனியன் தொழில் இன்று இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியிற் பாதிக்கு மேற்பட்டதைத் தன்னகத்தே கொண்டு நிற்கின்றது. பின்னல், சாயம், வெட்டு, தையல், இஸ்திரி எனப் பிரிந்த வேலைகளிற் பொறியோசையோடு ஆறு நாளைக் கழிப்போர் ஏழாம் நாளில் உயிருள்ளதொன்றன் பக்கலிற் சென்று நிற்க விழைதல் இயல்பே. பொறி, தொட்டார் முகத்தைத் திரும்பிப் பாராது. குதிரையும் மாடும் பார்க்கும். ஆகவே அவருட் பலர் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் சென்று ஏரிக்கரையில் மட்டக்குதிரை ஏறுகின்றனர். ஆடித்திங்களில் ஈரோட்டு மாவட்டத்து அந்தியூரிற் குருநாதசுவாமி கோயில் விழாவையொட்டிக் கூடும் சந்தையில் காத்தியவார், மார்வார் நாட்டுக் குதிரைகளைக் கண்டு களிக்கின்றனர். தைத்திங்களை ஒட்டி ஊர்தோறும் நிகழும் ரேக்ளாப் பந்தயங்களிற் காளைகளை ஓட்டியும், ஓட்டக் கண்டும் ஆரவாரிக்கின்றனர். இவ்வின்பம் அறத்தொடு பட்டதா, அன்றா?

விடை காணப் புகுமுன், இவ்விலங்குகளின் பழைய வாழ்க்கை இன்னதென அறிதல் வேண்டும்.

காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில் முதலிய ஊர்களைச் சூழ்ந்த நிலம் மழை குறைந்தது. ஆண்டுள்ள குடியானவர் தம் புன்செயில் ஒரு பகுதியை உழாது விடுத்து, கிளுவை வேலி சூழ்வித்து, உள்ளே கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேல மரங்களும் வளரவிட்டு, அதனைக் கொறங்காடு என வழங்குவர். வேலிக்குள் விடப்பட்ட நிரை தானே மேய்ந்து தானே நிழலொதுங்கும். ஒரு காட்டிற் புல் தாழ்ந்தவுடன் அடுத்த காட்டுக்கு அது மாற்றப்படும். மேய்ப்போனுடைய வேலை பெரும்பாலும் படலைத் திறத்தலும் சாத்தலுமேயாம். கோலெடுத்துப் பின்னோடுதல் அங்கே மிகுதியும் வேண்டப்படுவதன்று. வேலியே மேய்ப்பனாகி நிற்கும்.

இந்நிலத்துக்குரியதே காங்கேயம் எனப் பெயர்பெற்ற மாட்டினம். அதன் கன்று பிறக்குங்கால் செந்நிறம் வாய்ந்து, ஆறு திங்கள் அளவில் வெண்சாம்பல் நிறத்தை எய்தும். காளைக்கு வளர்ச்சியில் திமிலும் கழுத்தும் கறுத்துத் தோன்றும். பழையகோட்டைப் பட்டக்காரர் மரபினர் இவ்வினத்தைப் பேணி வளர்த்தமை நாடறிந்தது. வெள்ளகோவிலை அடுத்த கண்ணபுரத்தில் மாரியம்மன் விழாவையொட்டிச் சித்திரைத் திங்களிற் கூடும் சந்தை இவ்வினத்தாற் புகழ்பெற்றது. இவ்வெருதுகள் கவலையிற் பூட்டப்பட்டுக் கிணற்றுநீர் இறைத்தன. பருத்திப்பொதி ஏற்றிய வண்டிகளை ஈர்த்தன. கரிசலையும் செம்மண்ணையும் உழுதன.

தேவையின்பொருட்டு விலங்கை ஏவுவோனைத் தேவையே ஒருவாறு கட்டி நிறுத்துவது ஈண்டு நோக்கத்தக்கது. பாத்தி நனைந்தபின் கவலையோட்டுவோன் எருதினை அவிழ்த்துவிடுவான். பொதி இறங்கியபின் வண்டிக்காரன் நுகத்தைத் தாழ்த்துவான். நாளைக்கும் அவ்வெருது வேண்டுமாகலின் இன்றே அதனை நலிவிக்க அஞ்சுவான். இவ்வச்சம் அருளன்று, தன்னலமே. எனினும் அருள் செய்யற்பாலதொரு வேலையின் சிறுபங்கினை அது செய்தது. விளையாட்டிலோ இவ்வரம்பு இல்லை. இத்துணைச் சுற்றோடு அமைவது என ஆசைக்கு ஓர் அளவை யார் வகுத்தனர்? குதிரைச் சவாரிக்குக் காசு கொடுத்தவன் அக்காசுக்குரிய சுற்று முடியுந்துணையும் இறங்கான்; இறங்கியவுடன் அவன் மகவு ஏறும். நாளை அக்குதிரை அவனுக்கு வேண்டப்படுவதன்று. ஆகலின் நாளை அதன் முதுகு எங்ஙனம் இருக்கும் என்னும் எண்ணம் அவனுக்கு எழுதற்கு ஏதுவே இல்லை. எனவே ஏவுதல் ஒன்றேயாகலின் இரண்டும் ஒன்றே என்பார் கூற்றுப் பொருந்தாமை பெறப்படும்.

அவ்வாறாயின் விளையாட்டை முழுதும் விலக்கிவிடுதலே அறமாகுமன்றோ எனின், அதுவும் எளிதிற் கூறத்தக்கதன்று. 1932-இற் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின் கோவைநாட்டுக் கிணறுகளில் மின்பொறி படிப்படியாகப் புகுந்தது. கவலைகள் ஓய்ந்தன. பின்னர் உழுபொறி ஏரையும், லாரி வண்டியையும் விலக்கின. எருது செய்துவந்த வேலை மூன்றும் அரைநூற்றாண்டுக்குள் அதனை விட்டுக் கழிந்தன. வேலை கழிந்த விலங்கினுக்கு உலகம் அளிக்கும் இடம் யாது? இறைச்சிக் கடையே. காங்கேயக் காளைகளுட் பல அவ்விடத்தினின்றும் தப்பிநிற்றற்கு ஒரு காரணம் ரேக்ளா ஓட்டத்தில் இளைஞர் கொண்ட ஆசையே என்பது கொங்குநாட்டார் பலர் கூறும் உண்மை. இரு காளைகளைச் சிறுவண்டியிற் பூட்டி, 200 மீட்டர், 300 மீட்டர் எனக் குறித்த தொலைவை எத்துணை நொடியிற் கடக்கின்றன எனக் கணிப்பதே இவ்வோட்டம். ஓட்டத்துக்கெனக் காளையை வாங்குவோன் அதற்குப் பருத்திக்கொட்டையும் பேரீச்சம்பழமும் ஊட்டி மகவெனப் போற்றுதலும் உண்டு; ஓட்டத்தினிடையே அதன் வாலைக் கடித்து முறுக்கி வருத்துதலும் உண்டு. ஒரே மனிதன் இவ்விரண்டையும் ஒருநாளிலேயே செய்தலும் உண்டு. இவ்விடத்தேதான் வினா அருமைப்படுகின்றது. விளையாட்டை ஒழித்தால் விலங்கு கொலைக்களம் புகும். ஒழியாது விட்டால் விளையாட்டே அதற்கு வருத்தமாய் முடியும்.

இந்நிலை கொங்குநாட்டுக்கே உரியதன்று. வடகடலிற் பனி சூழ்ந்து கிடக்கும் ஐஸ்லாந்து என்னும் தீவின் குதிரைகள் நிலையும் இதனோடு ஒப்பிடற்பாலது. ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளில் நார்வே முதலிய இடங்களிலிருந்து குடியேறியோர் கலங்களில் ஏற்றிக் கொணர்ந்த குதிரைகளின் வழிவந்தன அவை. பிறநாட்டுக் குதிரை அத்தீவிற் புகவொண்ணாது. அங்குப் பிறந்த குதிரையும் ஒருகால் வெளியேறின், மீண்டும் தாய்நாடு திரும்பவொண்ணாது. இவ்விலக்கினால் அவ்வினம் கலப்பின்றி நிற்கின்றது. உருவிற் சிறியதாயினும் வலிமிக்கது. ஊர்வோனை அசைக்காது விரையும் 'தோல்ட்' என்னும் தனிநடை வாய்ந்தது. பாதையும் பாலமும் இல்லாத காலத்தில் அத்தீவில் மக்கள் சென்றதும், மணமகளைக் கொணர்ந்ததும், பிணத்தைச் சுமந்ததும் இக்குதிரையினாலேயே. இருபதாம் நூற்றாண்டில் மோட்டார் வண்டி வந்தது. கொங்குநாட்டு எருதுக்கு நேர்ந்ததே அக்குதிரைக்கும் நேர்ந்தது. இன்றும் அது பல்லாயிரக்கணக்கில் வாழ்தற்குப் பெருங்காரணம், மக்கள் அதனை ஊர்ந்து மகிழ விரும்புதலேயாம்.

கோடையில் ஆண்டுள்ள ஆடுகள் மேட்டுநிலங்களில் மேய்ப்போனின்றித் தாமே மேயும். புரட்டாசித் திங்களளவிற் குடியானவர் குதிரைகளில் ஏறிச்சென்று, பரந்துகிடக்கும் அவற்றைத் திரட்டித் தாழ்நிலத்துக்கு இறக்கி, வட்டமாய் அமைந்த பட்டிகளில் அடைத்து, அவரவர்க்குரியவற்றைக் காதிலிட்ட குறியால் அறிந்து பிரிப்பர். சிலவிடங்களிற் குதிரைமந்தைகளே அவ்வாறு திரட்டப்படும். அந்நாளில் ஊரார் பாடி மகிழ்வர். பிறநாட்டாரும் விடுமுறையிற் சென்று, பொருள் கொடுத்து, இவ்வேலையில் உடன்சேர்ந்து ஊர்கின்றனர். அவர்தம் வழக்கங்களுள் ஒன்று சிந்திக்கத்தக்கது. நெடுவழி ஊர்வோர் ஆளுக்கொரு குதிரையோடு அமையார். சேணமிடாத குதிரைகள் பல மந்தையாய் உடனோடிவர, இடையிடையே இறங்கிச் சேணத்தை வேறொன்றுக்கு மாற்றுவர். காலையிற் சுமந்தது நண்பகலிற் சுமையின்றித் தன் கூட்டத்தோடு ஓடும். ஊர்வோனுடைய களிப்பு நாள் முழுதும் நீளினும் ஒரு குதிரையின் உழைப்பு அத்துணை நீளாது. அந்நாட்டார் குதிரையிறைச்சி உண்பர் என்பதும் மறைக்கற்பாலதன்று, கி.பி. 1000 அளவிற் கிறித்தவ சமயத்தை ஏற்றபோதும் அவ்வூணை விடாதிருக்க இசைவு பெற்றனர் என அவர் வரலாறு கூறும். ஆகலின் அவரைக் கொல்லாமைக்கு எடுத்துக்காட்டாக்குவார் இலர். எனினும் பிழையுடையார் மாட்டும் கொள்ளத்தக்க வழக்கமொன்று இருப்பின் அதனைக் கொள்ளுதல் குற்றமாகாது.

இனி, சைவருள்ளேயே சிலர் வினையின்மேல் வைத்து ஊர்வோனைக் காக்க முயல்வர். அவர் கூறுவதாவது: "அவ்வுயிர் தன் முன்வினையாற் குதிரையுடம்பு எடுத்தது. சுமத்தலும் அடியுண்ணுதலும் அதன் பிராரத்தம். ஊர்வோன் அப்பிராரத்தம் கழிதற்கு ஒரு கருவியே, அவனுக்குக் குற்றமில்லை, மேலும், விரைவிற் கழியச் செய்தமையின் நன்மையும் உண்டு." இவ்வாதம் கேட்டற்கு நுண்ணிதுபோலத் தோன்றும். இதனை நாவாற் கூறாவிடினும் நெஞ்சாற் கொண்டொழுகுவோர் பலராகலின் இஃது ஆழ்ந்து நோக்கற்பாலது.

வினை சடம். அது தானே ஓருயிரைத் தேடிவந்து பயன் தாராது. செய்தானையும் செய்ததையும் அறிந்து அப்பயனைக் கூட்டுவான் இறைவன் ஒருவனே என்பது சித்தாந்தத் துணிபு. அவன் கூட்டுவதும் ஒறுத்தற்பொருட்டன்று, மலம் நீக்கும் மருத்துவமாகவே கூட்டுகின்றான். நோயின் அளவையும், நோயாளியின் பொறையையும், மருந்தின் இயல்பையும் ஒருங்கறிந்த மருத்துவன் கத்தியெடுத்தல் கருணையாகும். அவற்றுள் யாதொன்றும் அறியாதான், அருகிற் கிடந்த கத்தியை எடுத்து, 'இவனுக்கு அறுவை வேண்டியிருந்தது' எனக் கூறிக் கீறுவானாயின் அஃது யாதாகும்? குதிரையின் முதுகிற் சாட்டை வீசுவோன் அக்குதிரையின் சஞ்சிதம் இத்துணை, பிராரத்தம் இத்துணை என அறிந்து வீசுகின்றானா? அவன் அறிந்தது, பின்னே நிற்போர் கைதட்டுகின்றனர் என்னும் அவ்வளவே. அவ்வீச்சு அவனது இச்சையிற் பிறந்தது. ஆகலின் அஃது அவனுக்கே ஆகாமியமாய் ஏறும். குதிரையின் பழைய கணக்கு எதுவாயினும் புதிய கணக்கு அவன் பெயரிலேயே எழுதப்படும்.

அன்றியும், இவ்வாதத்தை ஒப்பின் இதனோடு நிற்றல் இயலாது. வழிப்பறி செய்வோன், பொருள் இழத்தல் அவ்வழிப்போக்கனின் பிராரத்தம் என்பான். மகவைப் பட்டினியிடுவோன் அதன் ஊழைக் காட்டுவான். ஒருவர் துன்பத்தை அவர் வினை எனக் கூறும் உரிமை, அத்துன்பத்தைத் துய்ப்போர்க்குத் தம் மனம் தேறுதற்பொருட்டு உண்டு. அதனைச் செய்வோர்க்குத் தம் கை கழுவுதற்பொருட்டு இல்லை. வினைக்கொள்கையைத் தலைகீழாய்ப் பிடிப்போர் இவ்வேறுபாட்டை மறந்தவரே.

பசு என்னும் சொல் கட்டுண்டது எனப் பொருள்படும். ஆவினையும் ஆன்மாவினையும் ஒரு சொல்லாற் சுட்டிய ஆகம நூலார் கருத்து ஆழ்ந்தது. காளையின் மூக்கணாங்கயிற்றைப் பற்றியிருக்கும் கையினையுடையானும், கண்ணுக்குப் புலனாகாத மும்மலக் கயிற்றினாற் பிணிப்புண்டவனே. கட்டுண்ட ஒன்று கட்டுண்ட மற்றொன்றை ஓட்டிச்செல்லுகின்றது. இரண்டற்கும் உடையவன் பதியாகிய இறைவன். சந்தையிற் பணம் எண்ணிக் கொடுத்துப் பெற்ற சீட்டு, ஒரு விலங்கின் உடலுழைப்பைச் சிறிதுகாலம் பெறுதற்கு உலகவழக்கிற் சான்றாகலாம். அவ்வுயிர்க்கு அவனைப் பதியாக்காது. ஆயினும் இருவர்க்கும் ஒரு வேறுபாடு உண்டு. காளை தான் கட்டுண்டிருத்தலைச் சிந்தித்து அறியமாட்டாது, மனிதன் அறியவல்லன். அவ்வறிவு அவனுக்கு உரிமையைப் பெருக்குவதோ, கடமையைப் பெருக்குவதோ என்பதில் ஐயம் கொள்வார் சைவநூல் கற்றாருள் இலர்.

மேய்த்தற்றொழிலைத் திருத்தொண்டர் வரலாறு இழிவாய்க் கருதியதில்லை. சேய்ஞலூரில் விசாரசருமர் என்னும் அந்தணச் சிறுவர், ஈன்றணிய பசுவொன்று முட்டச் சென்றதென்று ஆயன் அதனைக் கோலால் அடிக்கக் கண்டு, மனம் பொறாது அவனை விலக்கித் தாமே அந்நிரையை மேய்க்கலாயினார்; அவரே சண்டேசுரராயினார். அவர் ஆயனை விலக்கியதற்குக் காரணம் பெருங்கொடுமையன்று, ஓர் அடியே என்பது குறிக்கொள்ளத்தக்கது. சாத்தனூரிலோ மூலன் என்னும் ஆயன் இறந்துபட, அவன் மேய்த்த ஆக்கள் அவனுடம்பைச் சூழ்ந்து, மோந்து, நக்கிக் கதறின. அவற்றின் துயர் நீக்கற்பொருட்டே கயிலையினின்றும் வந்த யோகியார் அவ்வுடம்பிற் புகுந்து திருமூலராயினார். நூலெழுந்த பெருமையையே பேசுவோர், அந்நூற்கு முதற்காரணம் சில மாடுகளின் கண்ணீர் என்பதனைப் பெரும்பாலும் விரைந்து கடந்து செல்வர். ஆக்கள் அவ்வாறு அழுதற்கு மூலன் அவற்றின்பால் எத்துணை அன்பினனாய் இருந்திருத்தல் வேண்டும்! அவன் பெயரைத் திருமந்திரம் தாங்கி நிற்கின்றது.

மூன்றாவது வரலாறு நம் வினாவுக்கு மிக அணித்து. திருமங்கலத்து ஆனாய நாயனார் நிரையை முல்லைநிலத்திற் செலுத்தி, கொன்றை பூத்து நிற்றலைக் கண்டு சிவத்தோற்றமாய் உருகி, வேய்ங்குழலில் ஐந்தெழுத்தை அமைத்து வாசித்தார். ஆக்கள் அசைபோடுதலை மறந்தன. கன்றுகள் பாலுண்ணலை மறந்தன. மானும் மயிலும் அருகில் வந்தன. ஆண்டு நிகழ்ந்தது உழைப்பன்று, இன்பம். அவ்வின்பம் மேய்ப்பவர்க்கும் மேய்க்கப்பட்டவற்றுக்கும் ஒருங்கே உரியதாயிற்று. ஆகவே விலங்கினோடு கூடி இன்புறுதல் தன்னளவில் இழுக்கன்று என்பது போதரும். அவ்விலங்கினை விடுத்துத் தான்மட்டும் இன்புறுதலே இழுக்கு. அந்நாளிற் சுமந்த உயிர்க்கும் சிறிதேனும் நன்றாய் இருந்ததா என வினவுதலே விடுமுறை ஊர்வோர்க்குரிய உரைகல் என்க.

'விலங்கின் நெஞ்சத்தை யார் அறிவர்?' என்பார் உளர். முழுதும் அறிதல் அரிது, மெய். ஆயினும் காதைப் பின்னே மடித்தலும், வாலை இடுக்கலும், வாயில் நுரை தள்ளலும், ஏறுவோன் அணுகத் தலையைத் திருப்பி விலகலும் எவர்க்கும் விளங்கும் மொழியே. பார்க்க விரும்பாதானே அதனை அறியான். கைப்பேசியை உயர்த்தித் தன்முகம் படத்தில் அழகாய் விழுகின்றதா என நோக்குவோனுக்கு அவன் கீழ் நிற்பதன் முகம் எங்ஙனம் தோன்றும்?

குதிரையை ஊர்ந்து கயிலை சென்ற சேரமான் பெருமாள் நாயனார் வரலாறு திருப்பூர்ப் பகுதியார்க்கு நெருங்கிய உறவுடையது. சேரமானிடம் விடைபெற்று, அவர் அளித்த பொருளோடு மீண்ட சுந்தரமூர்த்தி சுவாமிகளை இறைவன் வேடர் வடிவிற் பூதங்களை ஏவிப் பறித்த இடம் திருமுருகன்பூண்டி. மறுமுறை சேரமானைக் காணச் செல்லுங்கால் முதலையுண்ட பாலனை அவர் மீட்டருளிய இடம் அவிநாசி. இரண்டும் இன்று பனியன் தொழிற்சாலைகளுக்கு அருகே உள்ளன. அவிநாசியைக் கடந்து கொடுங்கோளூர் அடைந்த சுவாமிகள் அஞ்சைக்களத்தினின்றும் வெள்ளையானைமீது கயிலைக்கு எழுந்தருளினார். அஃதறிந்த சேரமான், அருகில் நின்ற தம் குதிரைமீது ஏறினார். ஏறியவர் கசையைத் தேடினாரல்லர், குதிரையின் செவியில் திருவைந்தெழுத்தை ஓதினார். குதிரை வானில் எழுந்து யானையை வலங்கொண்டு முன்சென்றது. வாங்குதற்கு முன்னே கொடுத்தார் என்பது ஈண்டுக் காணத்தக்கது. அக்குதிரை பெற்றது தம் ஆண்டவன் பெயர். அதனினும் சிறந்ததொன்று அவரிடமும் இல்லை. விலங்கின் செவி அப்பெயர்க்குத் தகுதியற்றது என அவர் கருதவில்லை.

இதற்கு மறுதலையாயதும் தமிழ்நாட்டு வரலாற்றில் உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியிற் பாண்டிநாட்டுக் கரையைக் கண்ட வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, இந்நாட்டரசன் ஆண்டுதோறும் 2000-க்கு மேற்பட்ட குதிரைகளைப் பெரும்பொருள் கொடுத்து வாங்குவன் என்றும், அவன் உடன்பிறந்த அரசரும் அவ்வாறே வாங்குவர் என்றும், ஆண்டிறுதியில் 100 தாமும் எஞ்சா என்றும் எழுதியுள்ளார். குதிரைப் பிணி தீர்ப்பார் இங்கு இல்லாமையும், பேணத் தெரியாமையுமே காரணம் என்பது அவர் கூற்று. அயலார் கூற்றிற் சிறிது மிகையிருத்தலும் கூடும். எனினும் வாங்கும் ஆற்றல் பேணும் அறிவினும் முந்திச் செல்லுங்கால் விளைவது இன்னதெனற்கு அது சான்றாகும். மாணிக்கவாசக சுவாமிகள் வரலாற்றில் நரிகள் பரிகளாய் வந்து இரவில் மீண்டும் நரிகளாயின, பாண்டியன் சினந்தான். மெய்யான பரிகளே ஆண்டுதோறும் என்புக்குவியலாயினமைக்கு எந்தப் பாண்டியன் தன்மேற் சினந்தான் என வரலாறு கூறவில்லை.

இக்காலத்துச் சட்டங்களும் இப்பொருளில் ஒருவாறு புகுந்துள்ளன. 1960-இன் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 1965-இல் எழுந்த விதிகள், வண்டியிழுப்பதும் பொதிசுமப்பதுமான விலங்கை நாளொன்றில் 9 மணிநேரத்துக்கு மேலும், இடையீடின்றி 5 மணிநேரத்துக்கு மேலும் வேலைவாங்கலாகாது என்கின்றன. வெப்பம் 37 பாகை செல்சியசுக்கு மிக்க இடத்தில் நண்பகல் 12 முதல் 3 வரை பூட்டலாகாது என்கின்றன. முள் தைத்த கோலையும் விலக்குகின்றன. 2014 மே 7-இல் உச்சநீதிமன்றம் சல்லிக்கட்டினையும் மாட்டுவண்டிப் பந்தயங்களையும் தடுத்தது. 2017-இல் தமிழ்நாடு சட்டத் திருத்தம் செய்தது. 2023 மே 18-இல் அரசியற்சாசன அமர்வு அத்திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. இவற்றாற் சிலர் தாம் வென்றதாகவும், சிலர் தோற்றதாகவும் எண்ணுகின்றனர். காளையை எவரும் வினவிற்றிலர். சட்டம் கோலின் நுனியில் முள் உளதா எனக் காணும்; கோலைப் பிடித்தவன் நெஞ்சில் உளதா எனக் காணமாட்டாது. அதனைக் காணுதல் சமயத்தின் வேலை. சமயத்தார் அதனைச் சட்டத்தாரிடம் விட்டு அமைதல் தகாது.

சாட்டையெடாமலே உயிர்களை வருத்தும் வழியும் உண்டு என்பதனை இத்தொழிற்பகுதியார் மறத்தல் ஒல்லாது. திருப்பூரின் சாயநீர் நெடுங்காலம் நொய்யலாற்றிற் கலந்தது. 1992-இற் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்கென எழுந்தும், சாயக்கழிவின் தேக்கமாயிற்று. 2011-இற் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்ட பின்னரே கழிவுநீரைத் தூய்தாக்கி மீளப் பயன்கொள்ளும் முறை வலுப்பெற்றது. அவ்விடைக்காலத்தில் ஆற்றோரத்து ஆடுமாடுகள் நீருக்கு எங்கே சென்றன? பொங்கலன்று மாட்டின் கொம்புக்கு வண்ணம் தீட்டிய கையும், அம்மாடு குடிக்கும் ஆற்றுக்கு வண்ணம் தீட்டிய கையும் சிலவிடத்து ஒன்றாகவே இருந்தன.

விடுமுறை ஒருநாளில் முடியும். சுமந்த உயிர்க்கு மறுநாளும் உண்டு. உதகையிற் கோடைப்பருவம் கழிந்தபின் வேலையற்ற குதிரைகள் தெருக்களிற் குப்பைத்தொட்டிகளைக் கிளறித் திரிதலைச் செய்தித்தாள்கள் பன்முறை எழுதியுள்ளன. சித்திரையில் அவற்றின்மேல் அமர்ந்து படமெடுத்துக்கொண்டோர் அச்செய்தியைத் திருப்பூரிற் காலைத் தேநீரோடு படித்துத் தாளை மடித்து வைத்தலும் கூடும். காங்கேயத்துப் புறத்தே வேறொரு சாரார் உளர். ஓட்டம் தளர்ந்த ரேக்ளாக் காளையை அவர் விலைக்கு விடுவதில்லை. கன்றாயிருந்தபோது அது மேய்ந்த கொறங்காட்டிலேயே விட்டுவைக்கின்றனர். அக்காளையால் அவர்க்கு இனி வருவாயும் இல்லை, கைதட்டும் இல்லை. காலையிற் படலைத் திறந்து, தொட்டியில் நீர் உளதா எனப் பார்த்து, மாலையில் மீண்டும் சாத்துகின்றனர்.